சிற்றன்னையும் மாற்றாந்தாயும்: மறுமணக் குடும்பத்துக் குழந்தையை முன்வைத்து ஒரு மீள்வாசிப்பு

மலேசியத் தமிழ் நாளேடுகளில் அடிக்கடி கையாளப்பெறும் தொடர்களுள் 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்பதும் ஒன்று. தமிழ்ப்பள்ளிகளுக்கான மானியம் குறையும்போதும், தோட்ட மக்களின் வீடமைப்புக் கோரிக்கை கிடப்பில் போடப்படும்போதும் தலையங்கம் எழுதுவோர் இத்தொடரையே நாடுகின்றனர். மேடைப் பேச்சாளர்களும் அவ்வாறே. மாணவர் கட்டுரைகளிலும் இது நல்ல மரபுத்தொடர் என்னும் மதிப்போடு புகுந்துவிடுகிறது. இதனைப் பயன்படுத்துவோர் உண்மையான ஒரு சிற்றன்னையை மனத்திற்கொண்டு எழுதுவதில்லை என்பது வெளிப்படை. ஆயினும், சுங்கை சிப்புட்டிலோ ஈப்போ புந்தோங்கிலோ ஒரு வகுப்பறையில் இத்தொடரைச் செவிமடுக்கும் பிள்ளைகளுள் ஒருத்தியின் வீட்டிற்குச் சென்ற ஆண்டுதான் புதிய தாய் ஒருவர் வந்திருக்கக்கூடும். அப்பிள்ளைக்கு அது மரபுத்தொடரன்று; தன் வீட்டைப் பற்றிய செய்தி.

இக்கட்டுரை அப்பிள்ளையின் இருக்கையிலிருந்து சில தமிழ்ப் பனுவல்களை மீண்டும் வாசிக்க முற்படுகிறது. மறுமணத்தால் அமைந்த குடும்பத்தில் குழந்தை பொருந்தி வாழத் துணைசெய்வது உளவியலாருக்கும் சமூகநலத் துறையாருக்கும் மட்டுமே உரிய பணியென நாம் கருதவில்லை. புதிதாக வந்தவரை எப்பெயரிட்டு அழைப்பது என்பது மொழியின் சிக்கல். அவரைப் பற்றி எத்தகைய கதைகள் முன்னரே குழந்தையின் மனத்தில் குடிகொண்டுள்ளன என்பது இலக்கியத்தின் சிக்கல். இவ்விரண்டும் தமிழாசிரியரின் எல்லைக்குள் வருவன. தமிழ் மரபு இப்பிள்ளைக்குக் கொடிய சிற்றன்னையின் கதையை மட்டுமே கொடுத்திருக்கிறது என்னும் பொதுக்கருத்து, பனுவல்களை அணுகிப் படிக்குங்கால் நிலைபெறவில்லை என்பதே நம் வாதம்.

இரு சொற்கள்

'மாற்றாந்தாய்' என்பதை மாற்று, ஆம், தாய் எனப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். ஒருத்திக்கு மாற்றாக அமைந்த தாய் என்பது பொருள். ஆனால் செவி இலக்கணம் பார்ப்பதில்லை. மாற்றான் என்றால் பகைவன். மாற்றாள் என்றால் சக்களத்தி. இவ்விரு சொற்களின் நிழலும் மாற்றாந்தாயின் மீது விழுகிறது. அந்நிழலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலுங்கூட, 'மாற்று' என்னும் சொல் ஒன்றே குழந்தையை அச்சுறுத்தப் போதுமானது. ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொன்றை வைப்பதுதானே மாற்று? இறந்த தாயோ பிரிந்துபோன தாயோ தன் இடத்திலிருந்து அகற்றப்பட்டாள் என்பதை இச்சொல்லே அறிவித்துவிடுகிறது.

சிற்றன்னை, சின்னம்மா, சித்தி ஆகிய சொற்களின் கணக்கு வேறு. 'சிறு' என்னும் அடை பழைய தாயை அகற்றுவதில்லை. மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள் அல்லது இருந்தாள் என்பதை ஒப்புக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் இடம் கேட்கும் சொல் இது. மேலும், இச்சொற்கள் மறுமணத்திற்கெனப் படைக்கப்பட்டவையும் அல்ல. தாயின் தங்கை சித்தி; தந்தையின் தம்பி மனைவியும் சித்தி. தந்தையின் தம்பி சித்தப்பா. தாயின் தங்கை கணவரும் சித்தப்பா. திராவிட உறவுமுறையை ஆராய்ந்த லூயி துய்மோன், தாமஸ் டிராட்மன் முதலிய அறிஞர்கள் விளக்கிக் காட்டிய அமைப்பு இது. தந்தையோடு பிறந்த ஆண்கள் தந்தை என்னும் வகையிலும், தாயோடு பிறந்த பெண்கள் தாய் என்னும் வகையிலும் அடங்குவர். அவர்தம் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். ஆகவே ஒரு தந்தைக்கு இரு மனைவியர் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் விளிப்பதற்குத் தமிழில் தனிச்சொல் தேவைப்படவே இல்லை. மனைவி இறந்தபின் அவளுடைய தங்கையையே மணந்துகொண்ட வீடுகளில், குழந்தை நேற்றுவரை சித்தி என்று அழைத்தவரை இன்றும் சித்தி என்றே அழைக்கிறது. வீட்டின் அமைப்பு மாறியது, சொல் மாறவில்லை. குழந்தைக்கு இது சிறிய உதவியன்று.

மலாய்மொழியோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். அம்மொழியில் 'அனாக் தீரி' என்பது மறுமணத்தால் வந்த பிள்ளையைக் குறிக்கும். ஒருவரைப் புறக்கணித்து நடத்துவதைச் சுட்ட அச்சொல்லிலிருந்து ஒரு வினைச்சொல்லே ஆக்கப்பட்டுள்ளது. மலாய் வழக்கு புறக்கணிக்கப்பட்ட பிள்ளையை நோக்குகிறது. தமிழ் வழக்கோ புறக்கணிக்கும் பெண்ணை நோக்குகிறது. முன்னது இரக்கத்தையும் பின்னது குற்றச்சாட்டையும் முதன்மைப்படுத்துகின்றன. பேராக் தமிழ்ப்பிள்ளை இவ்விரண்டையும் ஒரே பள்ளியில், அடுத்தடுத்த பாடவேளைகளில் கற்கக்கூடும். பாவாங் மேரா, பாவாங் பூத்தே என்னும் மலாய் நாட்டார் கதையிலும் சிற்றன்னை ஒருத்தி காத்திருக்கிறாள்.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். 'மாற்றாந்தந்தை மனப்பான்மை' என்று எழுதிய தலையங்கத்தை நாம் கண்டதில்லை. ஆயின், முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தையும் மணமுறிவையும் நெறிப்படுத்தும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலம் என்னும் அனுமானத்தை ஏற்றுள்ளது. தக்க காரணம் காட்டி இதனை மறுக்க இடமுண்டு. எனினும் இளம்பிள்ளை தாயோடு செல்லும் வீடுகளில், மறுமணம் நிகழுமானால், புதிதாக வருபவர் ஆடவரே. நம் மொழி பெண்ணையே சுட்டிக்கொண்டிருக்க, வாழ்க்கை வேறு வாயிலையும் திறந்து வைத்திருக்கிறது.

லயமும் அடுக்கு வீடும்

பேராக்கின் இரப்பர் தோட்டங்களில் குடும்பங்கள் என்றும் கட்டுக்கோப்பாகவே இருந்தன என்பது பின்னாளில் நாம் புனைந்துகொண்ட நினைவு. சப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1969ஆம் ஆண்டை ஒட்டிக் குடியுரிமை இல்லாத தொழிலாளர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பியதாக மதிப்பிடப்படுகிறது. சிவப்பு அடையாள அட்டை ஒரு குடும்பத்தின் நடுவே கோடு கிழித்த காலம் அது. இவற்றோடு நோய், விபத்து, கள் ஆகியன வேறு. குடும்பங்கள் உடைந்தன; உடைந்தவை வேறு வகையில் மீண்டும் சேர்ந்தன. மேற்குறித்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வரும்வரை, இந்து வழக்கப்படி ஒருவர் இரு மனைவியரைக் கொள்வதற்கும் தடையிருக்கவில்லை. மூத்த தாரம், இளைய தாரம் என்னும் சொற்கள் தோட்டத்து மக்களின் பேச்சில் இயல்பாகப் புழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தகைய வீட்டுப் பிள்ளையைத் தாங்கிய அமைப்பு லயம். தாய் பால்மரம் வெட்டச் செல்லும் விடியற்பொழுதில் குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் செல்லும். மாலையில் எந்த வீட்டு வாசலிலும் அமர்ந்து உண்ணும். லயத்துப் பெண்களுள் பாதிப்பேர் அதற்குச் சின்னம்மா, மீதிப்பேர் பெரியம்மா அல்லது அத்தை. இத்தனை சின்னம்மாக்களுக்கு நடுவே தன் வீட்டிற்கு வந்த ஒரு சின்னம்மா தனித்து அச்சுறுத்துபவராகத் தோன்றுவது அரிது. லயத்தை நாம் பொற்காலமாக்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சு ஒற்றைப் பலகைச் சுவரைத் தாண்டி வந்து பிள்ளையின் மனத்தைக் கலைத்ததும் அங்கேதான். அதற்குப் பின்னர் வருவோம். ஆயினும் 'சின்னம்மா' என்னும் சொல்லுக்கு அங்கே ஊர் ஒன்று இருந்தது.

அவ்வூர் கலைந்த வரலாறு இவ்விதழின் வாசகர் அறிந்ததே. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், அதற்கு எதிராகச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் முன்னின்று அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பின்னர் இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது, அதன்பின் நகர்ப்புறப் பெயர்வு என்பனவற்றை விரிக்கத் தேவையில்லை. நம் பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: ஈப்போவின் மலிவுவிலை அடுக்கு வீட்டில், பூட்டிய இரும்புக் கதவுக்குள், ஒரு தந்தை, அவருடைய இரு பிள்ளைகள், புதிதாக வந்த ஒரு பெண், ஒருவேளை அப்பெண்ணின் பிள்ளை ஒன்று என ஐவர் மட்டுமே இருக்கின்றனர். சின்னம்மா என்னும் சொல் இருக்கிறது. அதனைச் சுற்றியிருந்த சின்னம்மாக்கள் இல்லை. இதனாற்போலும் நகரத்துப் பிள்ளைகள் 'ஆன்டி', 'அங்கிள்' என்னும் சொற்களில் அடைக்கலம் புகுகின்றனர். அச்சொற்களை இகழ வேண்டுவதில்லை. அவை கடைக்காரரையும் அழைப்பவை; எதனையும் கேட்காதவை; எவரையும் அகற்றாதவை. ஆனால் எவரையும் உள்ளே அழைக்காதவையும் அவையே.

மணிமேகலையின் இரு தாயர்

பண்டைத் தமிழ் அகமரபு குழந்தைக்கு ஒரே தாய்தான் என்று கொள்ளவில்லை. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் களவியலில் இலக்கணம் வகுக்கிறது. உடன்போக்கில் சென்ற தலைவியைத் தேடிச் சுரத்திடை அலைபவள் செவிலியே. நற்றாய் மனையிலிருந்து வருந்துவாள். தேடிச் செல்லும் உரிமையையும் கடமையையும் வளர்த்தவளுக்கு அளித்த மரபு இது. எனினும் செவிலியையும் சிற்றன்னையையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. செவிலி தந்தையின் மனைவி அல்லள். அவளோடு நற்றாய்க்குப் போட்டியும் இல்லை. நம் சிக்கலுக்கு நெருங்கிய சான்று மணிமேகலைக் காப்பியத்தில் இருக்கிறது.

கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை. கண்ணகிக்கு அவள் கணவனின் மற்றொரு பெண் பெற்ற மகள். உலக வழக்குப்படி பகைக்கு இதனினும் பொருத்தமான உறவு வேறில்லை. ஆனால் ஊரலர் உரைத்த காதையில், மகளை ஆடலுக்கு அனுப்புமாறு வயந்தமாலை வந்து கூறும்போது, மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே சொல்லிவிடுகிறாள். பெற்றவள் தானாக இருந்தும் தாய்மையை இறந்துபோன மற்றொருத்திக்குக் கொடுக்கிறாள். பிற்பகுதியில், வஞ்சி மாநகர் புக்க காதையில், மணிமேகலை கண்ணகியின் படிமத்தின் முன் சென்று நின்று அழுகிறாள். அவ்விடத்தில் சாத்தனாரும் கண்ணகியை அவளுக்குத் தாய் என்றே குறிப்பிடுகிறார். கண்ணகியும் மறுமொழி தருகிறாள்.

இதனை வெறும் பெருந்தன்மையாகப் படித்துவிடக் கூடாது. மாதவிக்கு இதில் ஒரு தேவையும் இருக்கிறது. கணிகையர் குலத்து மகள் என்றால் மணிமேகலை அத்தொழிலுக்கு உரியவள். பத்தினியின் மகள் என்றால் அல்லள். உறவின் பெயரை மாற்றுவதன் வாயிலாக மகளின் எதிர்காலத்தை மாற்ற முனைகிறாள் தாய். உறவு குருதியால் மட்டும் அமைவதன்று, ஒரு பிள்ளையின் நலன் கருதி அறிந்து மேற்கொள்ளப்படுவது என்னும் எண்ணத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்க் காப்பியங்களில் அரிது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கண்ணகி தாயாக்கப்பட்டதால் மாதவி தாயல்லள் ஆகிவிடவில்லை. அவள் காப்பியம் முழுவதும் மணிமேகலையின் தாயாகவே இருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு இரு தாயர் இருக்கின்றனர்; ஒருத்தி மற்றவளுக்கு மாற்று அல்லள்.

இக்காப்பியத்திலேயே எதிர்நிலைச் சான்றும் உண்டு. சாலி என்பவள் ஈன்று கைவிட்ட குழந்தையைப் பசு ஒன்று பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழந்தையை எடுத்து மகனாகவே வளர்த்தான். அவன்தான் ஆபுத்திரன். வேள்விக்கு வைத்திருந்த பசுவை விடுவிக்க முயன்ற அவனது பிறப்பை ஊரார் இழித்துப் பேசியபோது, வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டான். ஏற்றுக்கொள்ளுதல் என்பது திரும்பப் பெறக்கூடியதாக இருந்தால் அதன் மதிப்பு என்ன என்னும் வினாவைச் சாத்தனார் இங்கே எழுப்புகிறார். மேற்சுட்டிய மலேசியச் சட்டமும் இதே சொல்லில் நிற்பது வியப்பளிக்கிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் பிறந்து, மற்றவரால் குடும்பத்துள் ஒருவராக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளையும் அத்திருமணத்தின் பிள்ளையே என்று அது வரையறுக்கிறது. அவ்வாறு ஏற்ற ஆடவர், ஈன்ற பெற்றோர் தவறும் அளவிற்கு, அப்பிள்ளையைப் பேணும் கடமைக்கு உட்படுகிறார். இளம்பூதிக்கு இல்லாத கட்டுப்பாடு இது. ஏற்றல் ஒரு மனநிலை மட்டுமன்று, கடமையைத் தோற்றுவிக்கும் செயல் என்பதைச் சட்டம் காப்பியத்தைவிடக் கறாராகச் சொல்கிறது.

கைகேயியும் கூனியும்

சிற்றன்னைக் கொடுமைக்குச் சான்று கேட்டால் பலரும் கைகேயியைக் காட்டுவர். கம்பனை முறையாகப் படித்தவர் அவ்வளவு விரைந்து காட்டமாட்டார். இராமனுக்கு முடிசூட்டு என்னும் செய்தியைக் கூனி கொண்டுவரும்போது, கைகேயி முதலில் மகிழ்ந்து அவளுக்கு மாலை பரிசளிக்கிறாள். இராமனைப் பெற்ற தனக்கு என்ன இடர் நேரும் என்னும் கருத்துப்படப் பேசவும் செய்கிறாள். பெற்றவள் கோசலை, ஆனால் தானே பெற்றதாகச் சொல்லும் அளவிற்குக் கைகேயி இராமனின் தாயாக இருந்திருக்கிறாள். கூனியின் பேச்சு அங்கேதான் வேலை செய்கிறது. கைகேயி மறந்திருந்த கோசலையைப் போட்டியாளாக நினைவூட்டுவதே அவள் செய்யும் பணி. தாயாக இருந்தவளை மாற்றாந்தாயாக ஆக்குவது வெளியிலிருந்து வரும் பேச்சு.

லயத்துச் சுவரைத் தாண்டி வந்த பேச்சு என்று முன்னர்க் குறித்தது இதனையே. 'உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் இப்படி விடுவாளா?' என்று அன்போடு தலையைத் தடவிக் கேட்கும் உறவினர் தீயவர் அல்லர். பிள்ளையின் மீது இரக்கம் கொண்டவரே அவ்வாறு கேட்பார். ஆனால் அக்கேள்வியைக் கேட்டபின் அப்பிள்ளை அன்றிரவு உண்ணும் சோற்றின் சுவை வேறாகிவிடும். கூனியிடமேனும் பழைய பகை இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை.

கம்பன் இக்கதையை அத்துடன் விட்டுவிடவும் இல்லை. போர் முடிந்தபின், மீட்சிப் படலத்தில், தயரதன் வந்து இராமனுக்கு வரம் தர முன்வருகிறான். தந்தை துறந்துவிட்ட கைகேயியும் பரதனும் மீண்டும் தனக்குத் தாயும் தம்பியும் ஆக வேண்டும் என்பதே இராமன் கேட்கும் வரம். இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பெரியவர்களின் பிணக்கில் அறுக்கப்பட்ட உறவைப் பிள்ளை திரும்பக் கேட்கிறான். கணவனுக்கு அவள் இனி மனைவியல்லள் ஆகலாம். மகனுக்குத் தாயல்லள் ஆவதற்கு அது போதாது. மணமுறிவுக்குப் பின்னும் மறுமணத்திற்குப் பின்னும் பிள்ளைகள் சொல்ல விரும்பிச் சொல்ல இயலாமற் போவது பெரும்பாலும் இதுவே. கம்பன் அதனை வரமாகக் கேட்க வைத்திருக்கிறான்.

இதனோடு துருவன் கதையை ஒப்பிட்டால், பிள்ளைகளுக்கு நாம் எதனைத் தேர்ந்து சொல்கிறோம் என்பது விளங்கும். தந்தையின் மடியில் அமர முயன்ற துருவனைச் சிற்றன்னை சுருசி தடுக்கிறாள். அவன் காடு சென்று தவமியற்றி விண்மீன் ஆகிறான். கோவில் சமய வகுப்புகளுக்கு ஏற்ற கதையென இது பெரிதும் விரும்பப்படுகிறது. உறுதிக்கும் பக்திக்கும் எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டில் மடியிழந்த பிள்ளை இக்கதையில் பக்தியைக் கேட்பதில்லை, மடியைக் கேட்கிறது. அம்மடிக்கு உரிய தந்தை உத்தானபாதன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கும் வகுப்பைக் காண்பது அரிது. சுருசியின் சொல்லைவிட அவனது மௌனமே துருவனைக் காட்டுக்கு அனுப்பியது என்பது நம் வாசிப்பு.

தொகுப்பாசிரியரின் கைவண்ணம்

கொடிய சிற்றன்னை மனித இனத்தின் பொதுச்சொத்து, எனவே மாற்றவியலாதது என்போர் உளர். செருமானிய கிரிம் சகோதரர்களின் கதைத்தொகுப்பு இதற்குத் தக்க விடை தருகிறது. 1812ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் வெண்பனியாள் கதையில் மகளைக் கொல்ல முனைபவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவள் சிற்றன்னை ஆக்கப்பட்டாள். ஹான்சல், கிரேட்டல் கதையிலும் பிற்பதிப்புகளில் அவ்வாறே தாய் சிற்றன்னை ஆனாள். தாய்மையின் புனிதத்தைக் காக்கச் சிற்றன்னை பலியிடப்பட்டாள். புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளிவந்த தம் நூலில், தாயின் மீது எழும் சினத்தைக் குற்றவுணர்வின்றிக் கொள்வதற்குக் குழந்தைக்குக் கொடிய சிற்றன்னை உதவுகிறாள் என்று விளக்கினார். பெற்ற தாயோடு வாழும் குழந்தைக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தலாம். உண்மையாகவே சிற்றன்னையோடு வாழும் குழந்தையைப் பற்றி அவ்விளக்கம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நவீனத் தமிழில் இப்பொருளை நேர்நின்று நோக்கிய ஆக்கம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. தலைப்பே ஒரு தேர்வு. 'மாற்றாந்தாய்' என்று வைத்திருந்தால் தீர்ப்பு முன்னரே வழங்கப்பட்டிருக்கும். பேராசிரியர் ஒருவரின் இரண்டாம் மனைவி மரகதம், முதல் மனைவியின் பிள்ளைகள் குஞ்சு, ராஜா ஆகியோருக்கிடையே அக்குறுநாவல் இயங்குகிறது. மரகதத்தைப் பிறவிக் கொடியவளாக வார்க்கும் எளிய வழியை ஆசிரியர் தவிர்க்கிறார். குழந்தைகளின் பேச்சும் கற்பனையும் பெரியவர்களின் உலகத்தோடு பொருந்தாமல் உராயும் இடங்களே அவருடைய களம்.

இதனை வேராகக் கொண்டு மகேந்திரன் 1979இல் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' திரைப்படம் பெரிதும் வேறொரு கதையைச் சொல்கிறது. அங்கே குற்றம் சிற்றன்னையிடமிருந்து தந்தைக்கு இடம்பெயர்கிறது. துருவன் கதையில் கேட்கப்படாத கேள்வி இப்படத்தில் கேட்கப்பட்டுவிட்டது எனலாம். இறுதியில் ஊரார் அத்தந்தையை ஆற்றில் இறங்கச் செய்கின்றனர். பிள்ளைகள் இருவரும் கரையில் எஞ்சுகின்றனர். நீதி நிறைவேறியதாக ஊர் கருதுகிறது. இப்பிள்ளைகள் இன்றிரவு யார் வீட்டில் உறங்குவர் என்பதை ஊர் எண்ணிப் பார்க்கவில்லை. இப்படத்தின் ஆற்றல் அக்கேள்வியைப் பார்வையாளரிடம் விட்டுச் செல்வதில் உள்ளது என்று நாம் மதிப்பிடுகிறோம்.

கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சித்தி' 1966இல் வெளிவந்தது. அதில் பத்மினி ஏற்ற பாத்திரம் மூத்த தாரத்துப் பிள்ளைகளைத் தாங்கும் நற்சித்தி. கொடிய சிற்றன்னைக்கு மறுப்பு என்னும் வகையில் அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் தன்னை முற்றிலும் ஈகம் செய்தாலன்றிச் சிற்றன்னை நல்லவளாக இயலாது என்னும் அளவுகோலையும் இத்தகைய படங்கள் நிறுவிவிட்டன. பெற்ற தாய் களைப்பில் பிள்ளையைக் கடிந்துகொள்ளலாம். சிற்றன்னை கடிந்துகொண்டால் அவள் சுருசி. தேவிக்கும் அரக்கிக்கும் இடையே சாதாரணப் பெண் ஒருத்தி வாழ்வதற்கு இவ்விரு கதைகளும் இடம் விடவில்லை.

வகுப்பறையில்

மறுமணக் குடும்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், பெட்ரீசியா பேப்பர்நவ் ஆகியோரின் முடிவுகள் மேற்கண்ட வாசிப்போடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. குடும்பம் ஒன்றிவரத் திங்கள் கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கும். புதிதாக வந்தவர் தொடக்கத்திலேயே கண்டிப்பவராக நில்லாமல் நட்பைப் பெறுவதும், கண்டிக்கும் பொறுப்பைப் பெற்றவரே வைத்திருப்பதும் நன்மை தரும். புதியவரை நேசித்தால் பழையவருக்குத் துரோகம் செய்ததாகுமோ என்னும் இருதலைப் பற்று குழந்தையை வாட்டும். இம்மூன்றாவது கருத்தே ஆசிரியருக்கு முதன்மையானது. சின்னம்மா என்னும் சொல் அவ்வாட்டத்திற்கு நம் மொழி வைத்திருக்கும் மருந்து. 'அம்மா என்று கூப்பிடு' எனப் பிள்ளையை வற்புறுத்தும் பெரியவர்கள் அம்மருந்தைக் கொட்டிவிடுகின்றனர்.

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் முதலாம் படிநிலையில் 'என் குடும்பம்' என்று எழுதாத பிள்ளை இராது. என் தந்தையின் பெயர் இது, என் தாயின் பெயர் இது என்னும் இரு வாக்கியங்களோடு அக்கட்டுரை தொடங்கும். இரு கோடுகளே கிளைக்கும் குடும்ப மரமும் அவ்வாறே. மூன்றாம் கோடு வரைய விரும்பும் பிள்ளைக்குத் தாளில் இடம் இருப்பதில்லை. இதனைத் திருத்தச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. கரும்பலகையில் மாதிரி எழுதும் ஆசிரியர், தாய் தந்தை வாக்கியங்களுக்குக் கீழே, 'என் சின்னம்மாவின் பெயர்', 'என் சித்தப்பாவின் பெயர்', 'என்னை வளர்க்கும் பாட்டியின் பெயர்' என மேலும் சில வாக்கியங்களை எழுதிப் பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ள விட்டால் போதும். எவர் எதனைத் தேர்ந்தார் என்பதை உரக்கப் படிக்கச் சொல்லாதிருப்பதும் அதன் பகுதியே. சின்னம்மா என்பது எல்லார் வீட்டிலும் உள்ள உறவாகையால், அவ்வாக்கியத்தை எழுதும் பிள்ளை தன் வீட்டு நிலையை வெளிப்படுத்தியதாகாது. மொழியே இங்கே திரையாகவும் நிற்கிறது.

துருவன் கதையைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அதனைச் சொல்லுமிடத்துத் தந்தையைப் பற்றி ஒரு வினா கேட்கலாம். கைகேயியைக் கற்பிக்கும்போது கூனி வருவதற்கு முந்தைய கைகேயியிலிருந்து தொடங்கி, மீட்சிப் படலத்தின் வரம்வரை செல்லலாம். 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்னும் தொடர் மாணவர் கட்டுரையில் வருமிடத்தில் பாரபட்சம், ஓரவஞ்சனை, புறக்கணிப்பு என்னும் சொற்களுள் ஒன்றைச் சிவப்பு மையில் எழுதலாம். அவை கருத்தையும் துல்லியமாகச் சொல்லும். மாதவி வயந்தமாலைக்கு உரைக்கும் பகுதியோ ஒரு பாடவேளைக்குள் விளக்கி முடிக்கத்தக்க அளவினது. தேர்வுக்கு வராது என்னும் ஒரே காரணத்திற்காக அது படிக்கப்படாமல் இருக்கிறது.